குட்டைக்கால் பாலன்

– முடியாதுன்னு சொல்லிடுங்கம்மா. கை வலிக்குது, சூளையில சரியா வேகல, எதையாவது சொல்லுங்க. கிறிஸ்மஸுக்கு நாலு நாள்தான் இருக்கு. நீங்க முடியாதுன்னா எங்க ஃபாதரால வேற எங்கயும் போய் வாங்க முடியாது.

– சார், நீங்க யாரு எவருன்னே சொல்லல. உள்ள நுழைஞ்சதுலேருந்து முடியாதுன்னு சொல்லு, முடியாதுன்னு சொல்லுன்னா எப்படி? மொதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அது இல்ல, பக்கத்துல உள்ளது. மொத ஸ்டூல்ல பெயிண்ட் காயல.

– என் பேரு ரெஜிஸ். பாலக்கரையிலேருந்து வரேன். பெரிய கோயில் இல்ல, சந்துக்குள்ள ஒரு சின்னக் கோயில் இருக்கு, அங்க கிறிஸ்மஸ் குடில் பொறுப்பு. இந்த வருஷத்தோட முப்பத்திரெண்டு வருஷம்.

– அப்படியா! நான் பொன்னுத்தாய். உங்க ஃபாதர் கொடுத்த ஆர்டர் என்கிட்டதான் இருக்கு.

– தெரியும்மா. பூசையிலயே சொல்லிட்டாரு. ஸ்ரீரங்கத்துல ஒரு சகோதரி நமக்காகக் குடில்ல வைக்கப் புதுப் பாலன் சேசுவைச் செய்யறாங்கன்னு. அன்னைலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல.

– புதுக் குழந்தை வருதுன்னா சந்தோஷந்தானே படணும்?

– எங்களுக்குன்னு ஒரு குழந்தை இருக்குதும்மா! இத்தாலியிலேருந்து கப்பல்ல வந்தது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரோஜாப்பூ கலர், நீலக் கண்ணு. எனக்கு முன்னாடி என் மாமனார் நாப்பது வருஷம் குடில் பொறுப்புல இருந்தாரு. சாகறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சு, "மாப்ளே, பொண்ணைப் பாக்காட்டியும் பரவாயில்ல, இந்தப் பாலனைப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அதைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, நேத்து வந்த ஃபாதர் புதுசு வேணும்ங்கறாரு. 

– ரொம்பத்தான் புதுசு. மாநிறம், சுருட்டை முடி, இடுப்புல அரைஞாண் கயிறு, கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டு. நம்ம தெருவுல தூளியில கெடக்குமே, அந்த மாதிரி வேணும்னாரு.

– திருஷ்டிப் பொட்டா? சேசுவே! ஆண்டவருக்குக் கண்ணு படுமா?

– ஒரு ராஜா ஆளு விட்டுக் கொல்லத் தேடினான்னு உங்க ஃபாதர்தான் கதை சொன்னாரு. அதைவிடவா கண்ணு படறது?

– வேதத்துல விளையாடாதீங்கம்மா.

– நான் எங்க விளையாடினேன்? அவரு வரைஞ்சு கொடுத்திருக்காரு, நான் செய்யறேன். மார்கழி பொறந்தா எனக்கு ரெண்டு பக்கமும் வேலை. இந்தப் பக்கம் ஏகாதசிக் கூட்டத்துக்குப் பெருமாள் பொம்மை, அந்தப் பக்கம் உங்க சூசையப்பர், மாதா, ஆட்டுக்குட்டி. சாயங்காலம் ஆச்சுன்னா எந்தக் கையால யாருக்கு மூக்கு வச்சேன்னே ஞாபகம் இருக்காது. சரி, டீ சொல்லட்டுமா?

– வேண்டாம்மா. எனக்கு உங்க வாயாலே ஒரு முடியாது போதும்.

– இங்க வரது இதுதான் மொத தடவையா சார்?

– ஆமா. மொத தடவை.

– ஓஹோ.

– ஏன் கேக்கறீங்க?

– சும்மாத்தான். வாசல் பக்கம் போர்டு இருக்கு. வரவங்க எல்லாம் போர்டு பாத்து, நாலு பேருகிட்ட கேட்டு, முன்னாடி வருவாங்க. நீங்க மாட்டுக் கொட்டாய் சந்துல நுழைஞ்சு, கொல்லைப் படலை நீங்களே தூக்கிவிட்டு, நேரா பெயிண்ட் ரூமுக்கு வந்துட்டீங்க. மொத தடவை வரவங்களுக்கு அந்தப் படலைத் தூக்கித்தான் தள்ளணும்னு தெரியாது.

– அது... யாரோ ரோட்டுல வழி சொன்னாங்க.

– சரி, நம்பிட்டேன். நீங்க மேல சொல்லுங்க. ஃபாதர்கிட்ட நேரா பேசிப் பாத்தீங்களா?

– பேசாம இருப்பேனா? மனுவே எழுதினேன். நூத்தி நாப்பத்தாறு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினேன். நானே உக்காந்து எழுதினேன்மா, படிச்சவங்க எல்லாம் கண் கலங்கிட்டாங்க. "நூற்றாண்டு கடந்த இத்தாலியக் கலைப்பொக்கிஷம், நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொத்து"ன்னு. அங்கதான் வந்துது வினை.

– என்ன ஆச்சு?

– கோயில் கவுன்சில்ல ஒரு புரொபசர் இருக்காரு. மனுவைப் படிச்சிட்டு எந்திரிச்சு, "ஐயா ரெஜிஸ் சொல்றது நூத்துக்கு நூறு சரி. இவ்வளவு பெரிய பொக்கிஷத்தை நாம இப்படிப் பெட்டியில போட்டு வைக்கக் கூடாது. மெட்ராஸ்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு நிபுணர் இருக்காரு, வரவழைச்சு சோதிச்சு, எந்த வருஷம், எந்த ஊருன்னு சர்டிஃபிகேட் வாங்கிடுவோம்"னு சொல்லிட்டாரு. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்கு மாலை வேற போட்டாங்க.

– நல்ல விஷயந்தானே சார். சர்டிஃபிகேட் வந்தா உங்களுக்குத்தான் பெருமை.

– பெருமையா? ஜனவரி ரெண்டாம் தேதி வராரும்மா அந்த ஆளு. பெயிண்டைச் சுரண்டிப் பாப்பாராம்.

– சுரண்டினா என்ன? அடியிலயும் இத்தாலிதானே இருக்கும்?

– அம்மா...

– சொல்லுங்க சார்.

– கிண்டல் பண்றீங்க. உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது. உங்கப்பா எதாவது சொல்லியிருக்காரா?

– எங்கப்பா செல்லக்கண்ணு செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. அவரு யாரைப் பத்தியும் வெளியாளு யாருகிட்டயும் சொல்ல மாட்டாரு. ஆனா அன்னைக்கு நான் இங்கதான் இருந்தேன். அந்த மூலையில, பாவாடை சட்டையோட, களிமண்ணுல இட்லி சுட்டுக்கிட்டு. பத்து வயசு. ஒரு ஆளு இந்தக் கொல்லைப் பக்கமா மஞ்சப்பையை நெஞ்சோட கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு. வந்தவரு பேசவே இல்ல. பையைக் கீழ வச்சிட்டு ஓன்னு அழுதாரு. ஆம்பளை அழுது நான் அதுவரைக்கும் பாத்ததில்ல. மறப்பேனா?

– தெரிஞ்சுக்கிட்டேதான் மொத தடவையான்னு கேட்டீங்களா?

– நீங்க என்ன சொல்றீங்கன்னு பாத்தேன்.

– தொண்ணூத்தி மூணு. டிசம்பர் இருபத்திமூணு. நான் பொறுப்பு எடுத்து அதுதான் மொத வருஷம். நட்சத்திரத்துக்குப் போட்டிருந்த ஒயரு கால்ல மாட்டிடுச்சு. பாலன் கையிலேருந்து போய்... அந்தச் சத்தம் இருக்கே, இன்னும் காதுல கேக்குதும்மா. கோயில்ல யாருமே இல்ல. எல்லாத்தையும் பொறுக்கிப் பையில போட்டேன். பொம்மை பண்றவங்க ஸ்ரீரங்கத்துல இருக்காங்கன்னு யாரோ எப்பவோ சொன்ன ஞாபகம்.

– எங்கப்பா என்ன சொன்னாரு, ஞாபகம் இருக்கா?

– ஒரே நாள்ல புதுசாப் பண்ணி, காய வச்சு, சுட முடியாது, இருக்கறதுல ஒண்ணை மாத்திக் கொடுக்கறேன்னாரு. அந்த அளவுக்குப் படுத்த வாக்குல இருந்தது ஒரே ஒரு பொம்மைதான். ஆலிலை கிருஷ்ணன். நீலமா, கால் கட்டை விரலை வாயில வச்சுக்கிட்டு.

– அந்தக் காலை உடைச்சு எடுத்து நேரா ஒட்டினாரு. வாயிலேருந்து எடுத்த காலு நீட்டினா எட்டுமா? அதான் ஒரு கால் குட்டையாப் போச்சு.

– அரை இஞ்ச். அந்த அரை இஞ்ச் என்ன பாடுபடுத்துச்சு தெரியுமா? அந்த வருஷம் பூசை முடிஞ்சதும் பாலனை முத்தி செய்ய எல்லாரும் வரிசையில வராங்க. எங்க வழக்கம்மா அது, பாலன் பாதத்துல முத்தம் கொடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. மூணாவதா வந்த அம்மாவே கேட்டுட்டாங்க, "ஏன் ஃபாதர், ஒரு கால் சின்னதா இருக்கு?" அப்ப இருந்த ஃபாதர் ரொம்ப வயசானவரு. அவரு சிரிச்சுக்கிட்டே, "நம்மகிட்ட வர அவசரத்துல ஓடி வந்தாரும்மா, கால் தேஞ்சு போச்சு"ன்னாரு.

– அடேங்கப்பா!

– அவ்வளவுதான், அது பத்திக்கிச்சு. அடுத்த வருஷம் அதையே பிரசங்கமா வச்சாங்க. அதுக்கடுத்த வருஷம் முழங்கால் வலிக்காரங்க எல்லாம் அந்தக் குட்டைக்கால்ல மட்டும் முத்தி செய்ய ஆரம்பிச்சாங்க. இப்ப மன்னார்புரத்துலேருந்து, திருவெறும்பூர்லேருந்து எல்லாம் ஆட்டோ பிடிச்சு வராங்க. என் சம்சாரத்துக்கே எட்டு வருஷமா மூட்டு வலி. அந்தக் காலைத் தொட்டுத்தான் வேண்டிக்கிட்டா.

– வலி போச்சா?

– போயிடுச்சுன்னுதான் சொல்றா. நான் என்ன சொல்ல முடியும்? நானா போய் அது ஒட்டுப் போட்ட காலுடின்னு சொல்லுவேன்?

– வீட்டுல உள்ளவங்களுக்கே தெரியாதா?

– ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. முத்தி செய்யும்போது ஃபாதர் பாலனைக் கையில வச்சிருப்பாரு. பக்கத்துல நான் துணி வச்சுக்கிட்டு நிக்கணும். ஒருத்தர் முத்தி செஞ்சதும் பாதத்தைத் துடைக்கணும், அதுதான் என் வேலை. ஒவ்வொரு தடவையும் துடைச்சிட்டுத் துணியைத்தான் பாப்பேன். நீலம் ஒட்டியிருக்கான்னு. எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் விடற நேரத்துல நான் துணியைப் பாத்துக்கிட்டு நிப்பேன். கொரோனா வந்தப்ப முத்தி செய்யக் கூடாதுன்னு ரெண்டு வருஷம் நிறுத்திட்டாங்க. ஜனங்க எல்லாம் அழுதாங்க. எனக்கு அந்த ரெண்டு கிறிஸ்மஸ்தான் கிறிஸ்மஸ். ஆண்டவர் மன்னிக்கணும்.

– மத்த வருஷம் எல்லாம் எப்படித்தான் சமாளிச்சீங்க?

– நவம்பர் கடைசியில, திருவருகைக்காலம் தொடங்கறதுக்கு முன்னாடி நானே ஒரு கோட்டிங் கொடுத்துடுவேன். ரோஸ் கலர்ல கொஞ்சம் வெள்ளை கலந்து. முப்பது கோட்டிங் ஏறியிருக்கும். பாலன் வருஷா வருஷம் குண்டாகிக்கிட்டே வராரு. அதுக்கும், "அண்ணன் பாத்துக்கற பக்குவம்"னு பாராட்டறாங்க.

– உங்க வழக்கத்துல ஃபாதர்கிட்ட ரகசியமாச் சொல்றது ஒண்ணு இருக்கில்ல?

– பாவசங்கீர்த்தனம். எங்க கோயில்ல எப்படிம்மா சொல்றது, குரலை வச்சே கண்டுபிடிச்சிடுவாங்க. வெளியூரு போய், "ஒரு பொம்மையை உடைச்சிட்டேன் சாமி"ன்னேன். அவரு, "வேற பெரிய பாவம் ஏதாவது இருக்கா?"ன்னாரு. எனக்கு இதைவிடப் பெருசா எதுவும் இல்லன்னு எப்படிப் புரிய வைக்கறது?

– நீங்க முத்தி செய்வீங்களா சார்?

– என்ன?

– எல்லாரும் வரிசையில வந்து செய்வாங்க, நீங்க துடைப்பீங்க. கடைசியில நீங்க செய்வீங்களா?

– இல்ல.

– ஒரு தடவைகூட?

– முப்பத்திரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல. எந்த வாயை வச்சுச் செய்யறது? குனிஞ்சா உங்கப்பா ஞாபகந்தான் வரும். சாமி கும்பிடத் தெரிஞ்ச ஊருல ஒருத்தன் மட்டும் கும்பிட முடியாம நிக்கறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதும்மா.

– அதுக்குத்தான் என்னை முடியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா சார்?

– அதான் கெஞ்சறேன். புதுசு வரலேன்னா பழசைத்தான் வைக்கணும். குடில்ல வச்சிட்டா ஜனவரி ஆறு, மூணு ராஜாக்கள் திருநாள் வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னு முறை இருக்கு. அந்த நிபுணரு வந்து பாத்துட்டு வெறுங்கையோட போயிடுவாரு. அப்புறம் ஜனங்க மறந்துடுவாங்க. இந்த வருஷம் பெட்டிச் சாவியை வேற ஃபாதரே வாங்கி வச்சுக்கிட்டாரு. ஒரு கோட்டிங்கூடக் கொடுக்க முடியல. என் மேல சந்தேகம்னு நினைக்கறேன்.

– சார், நீங்க இருக்கற இருப்புக்கு இதைச் சொல்லலாமான்னு தெரியல. சொல்ல மாட்டேன்னு வேற வாக்குக் கொடுத்திருக்கேன்.

– யாருக்கு?

– அந்தச் சாக்கைக் கொஞ்சம் விலக்குங்க. மெதுவா.

– இது என்ன... மாதாவே! இது... இது எங்க பாலன்!

– நாலு துண்டு. குட்டைக்கால் மட்டும் உடையாம அப்படியே இருக்கு பாருங்க. எங்கப்பா ஒட்டின ஒட்டு.

– யாரு இப்படி... எப்படி இங்க...

– உங்க ஃபாதர்தான். போன மாசக் கடைசியில வந்தாரு. பாலனைப் படம் எடுத்து வாட்ஸ்அப்ல போடணும்னு பீடத்து மேல நிக்க வச்சாராம். ஒரு கால் குட்டைன்னா எப்படி நிக்கும்? முகம் எல்லாம் வேர்த்து, வண்டியை எங்கயோ நிறுத்திட்டு, அவரும் இந்தக் கொல்லைப் படலை உலுக்கிக்கிட்டுத்தான் வந்தாரு. நூறு வருஷத்து இத்தாலிச் சிலையை உடைச்சிட்டேன்னு, பாவம், சின்ன வயசு, தேம்பித் தேம்பி அழுதாரு.

– அப்ப... "புதியதைத் திறந்த மனசோட வரவேற்போம்"னு நாலு ஞாயிறா பிரசங்கம் வச்சாரே! "பழசைப் பிடிச்சுக்கிட்டிருக்கற கையில புதுக் குழந்தையை எப்படி ஏந்துவீங்க?"ன்னு கேட்டாரே! நான் அதுக்கு மனசுக்குள்ள அழுதேன்மா!

– அவரும் அழுதுக்கிட்டுத்தான் எழுதியிருப்பாரு.

– நீலம் வெளிய தெரியுதே. ஃபாதர் பாத்திருப்பாரே!

– பாத்தாரு. இது என்ன நீலம்னு கேட்டாரு. இத்தாலிக்காரங்க அடிப்பூச்சு அப்படித்தான் பூசுவாங்கன்னு சொன்னேன்.

– நீங்களா சொன்னீங்க?

– பின்ன என்ன பண்றது? அழற மனுஷன்கிட்ட ஆராய்ச்சியா பண்ணிக்கிட்டிருக்க முடியும்? போகும்போது என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு, "ரெஜிஸ் ஐயாவுக்கு மட்டும் தெரியவே கூடாதும்மா. உயிரு மாதிரி காப்பாத்தின குழந்தை. கேட்டா அவரு தாங்க மாட்டாரு"ன்னு.

– அப்படியா சொன்னாரு?

– சிரிக்கறீங்களா, அழறீங்களா சார்?

– ரெண்டும்தான். நான் போய் அந்தப் பிள்ளைக்கு எதிரா நூத்தி நாப்பத்தாறு கையெழுத்து வாங்கியிருக்கேனே! ஒவ்வொரு கையெழுத்தும் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

– இனிமே என்ன பண்ணப் போறீங்க?

– என்ன பண்றது? நாளைக்கே எந்திரிச்சு, பிரசங்கம் என் மனசை மாத்திடுச்சு, புதுப் பாலனே வரட்டும்னு சொல்லிடறேன். வேண்டாம், உடனே சொன்னா சந்தேகப்படுவாரு. ரெண்டு நாள் முறைச்சிட்டுச் சொல்றேன். மனுவையும் திருப்பி வாங்கிட்டா அந்த நிபுணரும் வர வேண்டியதில்ல. அம்மா, அந்தப் புதுசை ஒரு தடவை பாக்கலாமா?

– இந்தாங்க. மேல துணி இருக்கு, பாத்து எடுங்க. மூக்கு இன்னும் காயல.

– எடுத்துட்டேன். இது...

– என்ன சார், பிடிக்கலையா?

– நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கும்மா. என் தம்பி மகன் பொறந்தப்ப இப்படித்தான் இருந்தான். இந்தப் பொட்டுகூட... சரி, இருந்துட்டுப் போகட்டும். ஒரே ஒரு விஷயம். தப்பா நினைக்கக் கூடாது. ஒரு காலை மட்டும் கொஞ்சம் குட்டையா...

– அளந்து பாருங்க.

– குட்டையாத்தான் இருக்கு!

– ஃபாதர் சொன்னதுதான். "அம்மாங்க எல்லாம் அந்தக் காலைத் தேடுவாங்க, அரை இஞ்ச் குறைச்சிடுங்க"ன்னாரு.

– நல்ல மனுஷன்மா. நல்ல மனுஷன். இந்த வருஷம் நான் முத்தி செய்வேன். கடைசி ஆளா நின்னாவது செய்வேன். இது புதுசு, எல்லாருக்கும் தெரிஞ்சு செஞ்சது, இதுல நான் ஒளிக்க ஒண்ணும் இல்ல.

– செய்யுங்க. துணியை வேற யாருகிட்டயாவது கொடுத்துட்டு, நிம்மதியா செய்யுங்க.

– இருந்தாலும் ஒண்ணு மட்டும் நெஞ்சுல முள்ளாத்தான் இருக்கும். ஃபாதர் உடைச்சது உங்கப்பா செஞ்சது. நான் உடைச்சது நிஜ இத்தாலிம்மா. அந்த வலது கை இருக்கே, எதையோ ஏந்தினாப்ல லேசா மடங்கி இருக்கும். உலகத்தையே ஏந்தற கை, இந்த வேலைப்பாடு நம்ம ஊருல ஒருத்தனுக்கு வராதுன்னு மாமனார் சொல்லிச் சொல்லிப் பூரிப்பாரு. ஆனா உங்கப்பா அளவுகூட எடுக்காம அந்தக் கையை அச்சு அசலாப் பண்ணிக் கொடுத்தாரு. அது எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

– அன்னைக்கு நீங்க கொண்டு வந்த துண்டை எல்லாம் கொள்ளிடத்துல போடச் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

– ஆமா. போட்டுட்டேன்னாரே.

– ஒண்ணை மட்டும் போடல. அந்த அலமாரியில, டப்பாவுக்குள்ள இருக்கு. எடுத்துப் பாருங்க.

– இது... இது அந்தக் கைதான். அந்த வலது கை. ஏன் வச்சிருந்தாரு?

– உடைஞ்ச ஓரத்தைப் பாருங்க. ரோஸ் பெயிண்டுக்கு அடியில.

– நீலம்... நீலமா இருக்கே.

– உள்ளங்கையைத் தடவிப் பாருங்க. நடுவுல சொரசொரன்னு இருக்கில்ல? கிருஷ்ணன் கையில வெண்ணெய் உருண்டை இருந்த இடம். எங்க தாத்தா செதுக்கி எடுத்திருக்காரு. அப்பாவுக்குப் பாத்ததுமே தாத்தா கைவேலைன்னு தெரிஞ்சு போச்சு. நீங்க அழுத அழுகையில சொல்ல மனசு வரலையாம்.

– அப்ப இத்தாலி? கப்பல்? என் மாமனார் அவ்வளவு சொன்னாரேம்மா?

– உங்க மாமனாரும் இந்தக் கொல்லை வழியாத்தான் வந்தாராம் சார்.